தளபதிக்கு விழுந்த கைதட்டல்

மைக் கையில் கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். மதுரைக் கல்லூரிப் பட்டிமன்றங்களில் தொற்றிய வியாதி, லண்டனுக்குக் கணினி வேலைக்கு வந்தும் குணமாகவில்லை. மனோர் பார்க்கில் ஒரு வாசகர் வட்டம் பேசக் கூப்பிட்டபோது, தலைப்பு என்னவென்று கேட்கும் முன்பே சரி என்றுவிட்டேன். தலைப்பு, ஒரு ஜெர்மானியத் தளபதியின் வாழ்க்கை. யூதர்களை ஆயிரமாயிரமாய்க் கொன்ற முகாமை நடத்தியவன். போருக்குப் பிறகு தூக்கிலிடப்பட்டவன்.

வட்டத்தில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கூட்டம் வழக்கம்போல் தாமதம். தேநீரோடு வாசலில் நின்றபோது ஓர் அம்மா என்னிடம் வந்தார். இலங்கைப் போரின் முடிவில், ராணுவம் சரணடையச் சொன்ன இடத்துக்குத் தன் கணவரைத் தானே கூட்டிப்போய் ஒப்படைத்தவர். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை என்றார்.

"அவரை பஸ்ஸில ஏத்தினவனுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும்தானே தம்பி. அப்பிடிச் செய்யிறவன் என்ன மாதிரி மனிசன் எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு வந்தனான்."

"கண்டிப்பா சொல்றேம்மா" என்றேன். மனதுக்குள் அப்போது ஓடிக்கொண்டிருந்தது என் பேச்சின் தொடக்க வரி. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் திட்டம் பிரமாதமானது. முதலில் அவனை நல்ல தகப்பனாகக் காட்டி, சபை மனம் இளகியதும் முகாமுக்குள் கூட்டிப்போய் உறையவைப்பது. முகாம் மதிலை ஒட்டியே அவன் வீடு. பூந்தோட்டம் போட்டிருந்தான். வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுவான். சொல்லச் சொல்ல எனக்கே குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் உச்சுக் கொட்டினார்கள். அதைக் கேட்டபிறகு திட்டமாவது ஒன்றாவது. கடைசியில் வரவேண்டிய தூக்குமேடையை முன்னாலேயே இழுத்து வந்து, பிள்ளைகளை நினைத்து அவனைக் கண்கலங்க வைத்தேன். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அப்போது செயலாளர் மணியடித்தார். மட்டன் ரோல்ஸ் வந்துவிட்டதாம், ஆறிவிடுமாம். முகாமுக்கு எனக்கு மிஞ்சியது ஒரு நிமிடம். அங்கே செத்தவர்கள் அத்தனை பேரையும் அந்த ஒரு நிமிடத்தில் ஒப்பித்துவிட்டு இறங்கினேன்.

பலத்த கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். "கலங்கடிச்சுப்போட்டியள்" என்றார் செயலாளர். அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அந்த அம்மா ரோல்ஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இன்னொரு பாராட்டு கிடைக்கும் என்றுதான் பக்கத்தில் போனேன்.

"நல்லாச் சொன்னியள் தம்பி. நானும் அழுதிட்டன், அந்தத் தளபதிக்காக."

பொன்னாடை தோளில் கனத்தது. அவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"என்ர மனிசனும் மகளைத் தோளில வச்சுக்கொண்டுதான் அந்த பஸ் வரைக்கும் நடந்து வந்தவர். அதை நானும் எத்தினையோ கூட்டத்தில சொல்லியிருக்கிறன். ஒருத்தரும் இப்பிடி உச்சுக் கொட்டினதில்லை."

பொன்னாடையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய கணவரின் பெயரை நான் கேட்டது அப்போதுதான்.