அத்தாவிடம் சொல்லாத காயம்

என் அத்தா ஷேக் தாவூதை முரடர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று வரும். முரடர்தான். அதை நான் சொல்லலாம், மற்றவர் சொல்லக் கூடாது.

திருச்சிக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஜட்கா ஓட்டியவர் அவர். காவிரிப் பாலத்தில் பஸ் ஹார்னுக்குக் குதிரை மிரண்டால் சாட்டையைத் தொடமாட்டார். குதித்து இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து, "ஒண்ணுமில்லடா ராசா" என்று கூடவே நடப்பார். அந்தப் பொறுமையெல்லாம் குதிரைக்குத்தான்! எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என் மேல் தூசி விழுந்தாலும் மனிதருக்குக் கண்மண் தெரியாது. பக்கத்து வீட்டு மஜீதா விளையாட்டில் என் சடையை இழுத்தாள் என்று அவள் தகப்பனாரின் சட்டையைப் பிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து தெருவில் ஒரு பிள்ளையும் என்னோடு சேரவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்டார். வயிற்றுவலி என்றேன். உண்மையைச் சொன்னால் இன்னும் நாலு வீட்டுக்குச் சண்டைக்குப் போவாரே!

1931இல் எனக்கு எட்டு வயது. லாடக்காரர் சின்னையா அடித்த லாடம் சரியில்லை, குதிரை நொண்டுகிறது என்று அத்தா ஒருநாள் கொதித்துப்போய் வந்தார். தாமே லாடத்தைக் கழற்றி, பிடுங்கிய ஆணிகளை முற்றத்தில் விட்டெறிந்தார். "அந்தாளு கையை முறிக்கிறேனா இல்லையா பாரு!" சின்னையா மணப்பாறைச் சந்தைக்குப் போயிருந்ததால் தப்பித்தார்.

மறுநாள் அந்த ஆணிகளில் ஒன்று என் குதிகாலில் ஏறியது. நானே பிடுங்கிப் போட்டேன். மஞ்சள்கூடப் பூசவில்லை, பூசினால் தெரிந்துவிடும். சொன்னால் அத்தா சின்னையாவை அடிப்பார், அத்தாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். இந்தப் பயத்தில் மூன்று நாள் நுனிக்காலில் நடந்தேன். நாலாம் நாள் காய்ச்சல் கொளுத்தியது, கால் வீங்கிவிட்டது.

அம்மா பார்த்துவிட்டு அலறினாள். "அடிப்பாவி, லாட ஆணியா? ஜன்னி இழுத்தா என்னடி பண்ணுவேன்?"

அத்தா என்னை ஜட்காவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். டாக்டர் கத்தி வைத்ததும் நான் வீறிட்டேன். அத்தா டாக்டரின் கையைத் தட்டிவிட்டார். "என் புள்ளையக் கொல்றீங்களா?"

டாக்டர் அசையவில்லை. "இந்தாப்பா, சீழ் ரத்தத்துல கலந்தா புள்ள தங்காது. நான் அறுக்கணுமா, நீ கத்தணுமா? ஒண்ணச் சொல்லு."

தங்காது என்ற சொல்லை ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டவர் அத்தா. கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவேண்டும் என்று நபிகள் சொன்னதைப் பள்ளிவாசலில் எத்தனை தடவை கேட்டிருப்பார்! அன்றுதான் உட்கார்ந்தார். வெறுந்தரையில், என் தலைமாட்டில். அறுத்து முடியும்வரை என் கையை விடவில்லை.

கட்டுப் போட்ட பிறகு, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னா சின்னையாவ அடிப்பீங்க."

"அவன..." என்று எழப்போனார்.

கையை இறுக்கிப் பிடித்தேன். "உக்காருங்க அத்தா. ஆணிய எறிஞ்சது நீங்கதானே?"

மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "வேற என்னல்லாம் சொல்லாம வச்சிருக்க கமரு?" என்றார். மஜீதாவிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்குத் தாடை துடித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அதோடு கோபம் போய்விட்டதா? எங்கே போகும்! ஒன்பது வருஷம் கழித்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா இளக்காரமாக, "பொண்ணு காலை இழுத்து நடக்குதாமே, பிறவியிலயேவா?" என்றார். அத்தாவின் முகம் சிவந்தது. கதவுக்குப் பின்னால் அம்மாவும் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அல்லாவிடம் துஆ கேட்டோம். அத்தா நாற்காலியிலிருந்து இறங்கி, அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பிறவி இல்லீங்க. ஆணி குத்துச்சு. அதை வீசினவன் நான்தான்."