ஷஃபியுல்லா தூசு என்று சொல்லாத நாள்

உங்கள் கம்ப்யூட்டரின் திரை திடீரென்று கறுத்துப்போனால் முதலில் எதைத் தேடுவீர்கள்? பழுதையா, பழி போட ஓர் ஆளையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். அச்சரப்பாக்கத்தில் பேனர் கடை வைத்திருக்கும் பூபாலனும் தன்னை நியாயமான மனிதர் என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனால் இது ஷஃபியுல்லாவின் கதை. செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடையை ஒட்டி, ஷட்டர் பாதிக்குமேல் ஏறாத ஒரு கடை அவருடையது. டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு, சென்னையில் அடுத்தவர் கடையில் கம்ப்யூட்டர் பிரித்துப் பழகி ஊர் திரும்பியவர். கிழக்கே கடற்கரை வரைக்கும், தெற்கே அச்சரப்பாக்கம் வரைக்கும் ஸ்கூட்டரில் போய் வேலை பார்ப்பார். சதுரங்கப்பட்டினம் பக்கம் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினால், உப்புக் காற்றில் அதன் செம்புப் பற்களெல்லாம் பச்சை பூத்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார். திரையில் படம் வந்துவிடும்.

பழுது பார்க்கப் போகும் இடத்தில் "எப்பலேர்ந்து இப்டி?" என்று கேட்பார். "யார் தொட்டது?" என்று கேட்கமாட்டார். யார் தொட்டது என்ற கேள்விக்கு எந்தக் கடையிலும் பதில் தயாராக இருக்கும், அந்தப் பதிலால் ஒரு மிஷின்கூட ஓடியதில்லை என்பது அவர் அனுபவம்.

அவரிடம் ஒரு கோழைத்தனமும் இருந்தது. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அவருக்கு வேலை குவியும். கீபோர்டுக்குள் விபூதி. பிரிண்டருக்குள் மஞ்சள் தண்ணீர். யுபிஎஸ்ஸின் காற்றுத் துளையில் சாமந்தி இதழ். எல்லாவற்றையும் துடைத்து எடுப்பார். இன்னா ஆச்சு பாய் என்று கேட்டால், "தூசு அண்ணே" என்பார். தாடியும் இந்தப் பெயரும் வைத்துக்கொண்டு, உங்கள் பூஜைதான் உங்கள் மிஷினைக் கெடுத்தது என்று சொன்னால், இன்றைய நாட்டில் அது மிஷினைப் பற்றிய பேச்சாக எவ்வளவு நேரம் நிற்கும்? அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் எல்லாக் கடைகளிலும் தூசுதான் குற்றவாளி. தூசு யார் மேலும் கோபப்படாது.

இந்த வருடம் பூபாலன் போன் செய்தார். ஆயுத பூஜை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷஃபியுல்லா போய்ச் சேர்ந்தபோது பேனர் அடிக்கும் பெரிய மிஷின் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுகிற மணி வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டிசைன் செய்யும் நாற்காலி காலியாக இருந்தது.

"பிரிசில்லா எங்க அண்ணே?"

"அதை ஏன் கேக்குற பாய். அனுப்சிட்டேன்" என்றார் பூபாலன். "மிஷினுக்குப் பூஜை போட்டு வெச்சிருந்தேன். அன்னிக்குச் சாயங்காலமே வந்து ஆன் பண்ணி, மொத வேலையா கண்ணீர் அஞ்சலி அடிச்சா. உருப்படுமா?"

வாசலிலிருந்து மணி குரல் கொடுத்தார். "அண்ணாத்த, போன் போட்டு வரச் சொன்னதே நீதான? பொணம் காத்துகினு கீது, ஓடியா ஓடியான்னு நீதான் கத்துன."

"நீ டீயைக் குடி. வரச்சொன்னா கைய கால கழுவிட்டு, சாமி கும்புட்டுட்டுத் தொடணும்னு தெரியாதா? அதுங்களுக்கு என்னா தெரியும். காலனிக் கை. தரித்திரம்."

பிரிசில்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே, தலித் குடும்பங்கள் இருக்கும் தெருவில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் சேற்றில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான். பூபாலன் கடையிலிருந்து போன கல்யாணப் பேனர்கள், கட்சிப் பேனர்கள், வேடந்தாங்கலுக்குப் போகும் வழிகாட்டிப் பலகைகள் எல்லாம் அவர் கை செய்தவை. வருடக்கணக்கில் லாபம் தந்த கை, திரை கறுத்த அன்று காலனிக் கை ஆகிவிட்டது. சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. லாபம் வரும்போது தூங்கும். நஷ்டம் வந்தால் விழித்துக்கொள்ளும்.

இதைவிட மோசம், பூபாலன் அதை எதிரிலிருந்த டீக்கடையில் நின்று உரக்கச் சொல்லியிருந்தார். அச்சரப்பாக்கத்தில் வேறு இரண்டொரு டிசைன் கடைகள்தான் உண்டு. அந்த முதலாளிகளும் அதே டீக்கடையில்தான் டீ குடிக்கிறார்கள். ராசியில்லாத கை என்ற பெயர் நிலைத்துவிட்டால் பிரிசில்லாவுக்கு அந்த ஊரில் வேலை இல்லை.

ஷஃபியுல்லா சிபியுவின் முன்னால் உட்கார்ந்தார். "எப்பலேர்ந்து இப்டி?" என்றார்.

"மொதல்ல பெரிய ஃபைல் தொறந்தா கலர் கலரா கட்டம் கட்டமா வந்துச்சு. அப்புறம் ஒரேடியா கறுப்பு. உள்ள லைட்டு எரியுது, ஓடுது, படம் மட்டும் இல்ல."

மானிட்டரை வேறு ஒரு மிஷினில் மாட்டிப் பார்த்தார். படம் வந்தது. மானிட்டர் நல்லது. கேபிளை மாற்றினார். கறுப்புதான். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கறுப்புதான். கிராபிக்ஸ் கார்டையே பிடுங்கி வெளியே வைத்துவிட்டு, கேபிளை மதர்போர்டிலேயே இருக்கும் சாதாரண இணைப்பில் செருகினார். திரையில் பூபாலனின் பேரன் சிரித்தான்.

"ஆ! வந்துச்சு!"

"போர்டு நல்லா கீது அண்ணே. கார்டுதான்."

கார்டைக் கையில் எடுத்துத் திருப்பியபோது காரணம் தெரிந்துவிட்டது. சூட்டை வெளியே தள்ளுவதற்காக அந்தக் கார்டில் இரண்டு சின்ன விசிறிகள். இரண்டின் நடுவிலும் சந்தனம். அதன் மேல் குங்குமம். சந்தனம் தண்ணீராக இருந்திருக்க வேண்டும்; வழிந்து, விசிறிக்கும் சட்டத்துக்கும் நடுவே இறங்கி, காய்ந்து சிமெண்டுபோல் பிடித்திருந்தது. விரலால் தள்ளினார். விசிறி அசையவில்லை. காற்று இல்லாமல் கார்டு வெந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தச் சிபியுவின் பக்கக் கண்ணாடியை ஸ்குரூ கழற்றித் திறந்து பொட்டு வைத்தது யார் என்பதை அவர் கேட்கத் தேவையில்லை. பூபாலனே ஆரம்பித்தார். "அந்தக் கார்டுதான பாய் கடையிலயே காஸ்ட்லி? அதான் வெளிய வெச்சா பத்தாதுன்னு உள்ளயே தொறந்து வெச்சேன்."

ஷஃபியுல்லா கார்டை அவரிடம் நீட்டினார். "அந்த ஃபேனைச் சுத்திப் பாருங்க அண்ணே."

பூபாலன் சுற்றினார். சுற்றவில்லை. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் பொடி உதிர்ந்தது. நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அய்யய்யே. அண்ணாத்த, இது யாரு கை?"

"வாய மூட்றா." பூபாலன் ஷஃபியுல்லாவின் பக்கம் திரும்பினார். "சாமிக்கு வெச்சது எப்டி பாய் கெடுக்கும்? நீ பாய், நீ அப்டித்தான் பேசுவ."

வருடக்கணக்கில் பயந்த வாக்கியம் இதுதான். வந்தேவிட்டது. ஷஃபியுல்லா வேலையை நிறுத்தவில்லை. ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துச் சந்தனத்தைக் கரைத்தபடியே சொன்னார். "சாமியைப் பத்தி நான் பேசலண்ணே. இதுல பிரியாணி கொட்டியிருந்தாலும் இதேதான். சுத்தற பொருள்ல ஒட்டற பொருளை வெச்சா நிக்கும்."

விசிறிகள் இளகின. சூட்டைக் கடத்துவதற்காகச் சிப்பின் மேல் தடவி, காய்ந்துபோயிருந்த பழைய பசையைத் துடைத்துப் புதிது தடவி, கார்டை மாட்டி ஓட்டினார். பெரிய பேனர் ஃபைல் கட்டமில்லாமல் திறந்தது. கொஞ்சம் வெந்த கார்டு, எவ்வளவு நாள் ஓடும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொல்லிவைத்தார்.

பூபாலனுக்கு முகம் தெளிந்தது. குரலைத் தாழ்த்தினார். "பாய், ஒரு உதவி. அவளுக்குப் போன் போடறேன். தூசுன்னு சொல்லிடு. போனா போகுது, மன்னிச்சு வுட்டேன், வான்னு கூப்புட்டுக்கறேன்."

"யாரு தப்புக்கு அண்ணே நீங்க மன்னிக்கறது?"

அதற்குள் பிரிசில்லாவின் போனுக்கு ரிங் போய்விட்டது. பூபாலன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாண்ணே" என்றது பிரிசில்லாவின் குரல். "தரித்திரம் புடிச்ச கை இப்ப எதுக்கு?"

"அட வுடும்மா. மிஷின் சரியாயிடுச்சு. நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். நாளைக்கு வந்துடு."

"நீங்க மறந்துட்டீங்க. டீக்கடைல கேட்டவங்க மறந்துட்டாங்களா? மிஷினுக்கு இன்னா ஆச்சு? பாய் அங்க கீறாரா?"

பூபாலன் ஒலியில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். தூசு.

ஷஃபியுல்லா போனின் பக்கம் குனிந்தார். "கார்டு ஃபேன்ல சந்தனம் காஞ்சி புடிச்சிருந்துச்சும்மா. அதான் சூடாயிடுச்சு. ஆன் பண்ணது, கண்ணீர் அஞ்சலி அடிச்சது, எதுவும் காரணம் இல்ல. உன் கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பிரிசில்லா பதில் சொன்னார். "அண்ணே, எங்க நின்னு சொன்னீங்களோ அங்கயே நின்னு இதைச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னு மணி அண்ணன் எனக்குப் போன் பண்ணட்டும். அடுத்த நிமிஷம் வரேன்." போனை வைத்துவிட்டார்.

ஷஃபியுல்லா ஸ்குரூ டிரைவர்களை எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இனி அந்தக் கடையிலிருந்து அழைப்பு வராது என்று அவருக்குத் தெரியும். அடுத்து மதுராந்தகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பிரிண்டரைத் திறந்தார், இன்னா ஆச்சு என்று கேட்டார்கள், "மஞ்சத் தண்ணி" என்றார். அங்கே யாரும் சண்டைக்கு வரவில்லை. சிரித்தார்கள். அடுத்த வருடம் தள்ளி வைத்துத் தெளிக்கிறோம் என்றார்கள்.

நான் இதை எழுதும்வரை பூபாலன் அந்தச் சாலையைக் கடந்து டீக்கடையில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. டீ மட்டும் குடிக்கிறார். மணி போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாராம். பிரிசில்லா வீட்டில் இருக்கிறார்.

அந்தப் பக்கம் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பேனர் அடிக்கப் போகிறவர்கள், அளவு சொல்வதற்கு முன்னால் "பிரிசில்லா எங்கே?" என்று கேளுங்கள். டீக்கடைக்குக் கேட்கும்படி கேளுங்கள். உங்கள் ஊர்க் கடையிலும் போன வாரம்வரை இருந்த ஒருவர் இன்று காணவில்லையென்றால், அவர் பெயரைச் சொல்லி, பதில் வரும்வரை நின்று கேளுங்கள்.