பதாகையின் மறுமுனை

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாத்தளை டவுனில் பலஸ்தீனத்துக்காகக் கூடுகிறோம், வாங்க என்று என்னோடு படிப்பிக்கும் முஸ்லிம் டீச்சர் கூப்பிட்டிருந்தார். இரத்தோட்டை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். நாலு தமிழர் கூடினால் அஞ்சாவது ஆள் சீஐடி என்று கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த அஞ்சாவது ஆள் ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் போன். கோஷத்துக்கு வாயே திறக்கவில்லை. பக்கத்தில் போய் "நல்ல வெயில்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவரும் சிங்களத்திலேயே ஆமாம் என்றார். சரிதான், அவனேதான்!

செத்துப்போன காஸா பிள்ளைகளைப் பற்றி ஒரு பெண் தமிழில் பேசினார். அந்த ஆளுக்குக் கண் கலங்கியது. தமிழ் விளங்குகிற சீஐடி! எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அந்த நேரம் டீச்சர் ஓடிவந்து நீளமான பதாகையின் ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை அந்த ஆளிடமும் திணித்துவிட்டுப் போனார். அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். நல்லதாகப் போயிற்று, இனி இவரால் படம் எடுக்க ஏலாது என்று இறுக்கிப் பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மெதுவாகத் தமிழில் கேட்டார்.

"மிஸ், நீங்க சீஐடியா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவரை நானும் நம்பவில்லை. கை வலித்து மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பதாகைகளை இறக்கிவிட்டார்கள். கடைசிவரை இறங்காமல் நின்றது எங்கள் பதாகை மட்டும்தான்.