ஒரு கிலோவுக்குக் கீழே

என் மகள் ஒரே நொடியில் பத்தாயிரம் பிள்ளைகளைப் பெற்றுவிடுவாள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன், ஆயிரம். அதுவும் பிள்ளைகளை அல்ல, பிள்ளைகளின் எடைகளை, கணினித் திரையில்.

பச்சிளங்குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்தளவு சொல்லும் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. எடைகளை அவள் ஒவ்வொன்றாக யோசிப்பதில்லை. எதிலிருந்து எதுவரை என்று எல்லை கொடுத்தால் போதும், கணினியே கண்டபடி எண்களை உருவாக்கிக்கொள்ளும். எந்த எடைக்கும் மருந்து பூஜ்யமாகக் கூடாது, அளவு மீறவும் கூடாது என்பது விதி. தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. மூன்று வாரமாக எல்லாம் பச்சை. திங்கட்கிழமை அது மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை, அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டு நர்ஸ் பார்வையிட வந்தார்.

“பச்சையா இருக்கறது சரி. என்னென்ன எடை போட்டுப் பாத்தீங்க?”

“அதை மிஷினே போட்டுக்கும், சிஸ்டர்.”

“அது போட்டத நீங்க பாத்தீங்களா, இல்லையா?”

பார்த்ததில்லை. உருவான எண்களை வரிசையாகத் திரைக்குக் கொண்டுவந்தாள். நர்ஸ் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார்.

“என்னம்மா இது, ஆணழகன் போட்டிக்கு ஆள் எடுக்கறீங்களா? ஒரு கிலோவுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல. என் வார்டுல பாதி அதுங்கதானே!”

எல்லையைத் திறந்து பார்த்தாள். ஆயிரம் கிராமிலிருந்து என்று இருந்தது. எழுதியது அவளேதான்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பது நாள், அவ்வளவுதான் இருந்தான். என் சுண்டுவிரல் நகத்தை மட்டும்தான் அவன் கையால் பற்ற முடிந்தது. ஒரு கிலோவுக்குக் கீழே உள்ளதை வேண்டுமென்றே விட்டாளா என்றால், இல்லை. அவள் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

யாரும் கேட்காமலே 870 என்று தட்டினாள். அவன் எடை.

திரை சிவந்தது. மருந்தளவு பூஜ்யம். ஒரு கிலோவுக்குக் குறைந்ததை அந்த மென்பொருள் எடையாகவே மதிக்கவில்லை.

“நல்லவேளை, இங்கயே தெரிஞ்சுது” என்றார் நர்ஸ்.

“நானே அவனை வெளிய தள்ளிட்டேன், சிஸ்டர்” என்றாளாம் இவள். யாரை என்று நர்ஸுக்குப் புரியவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாராம். திங்கட்கிழமை மென்பொருள் போகவில்லை.

இதுவரை எழுதி, அவளிடமே படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கி, 870 என்ற எண்ணின் மேல் விரல் வைத்தாள்.

“இது பிறந்த அன்னைக்கு எடைம்மா. நான் அடிச்சது 910. கடைசி நாள் நாப்பது கிராம் ஏறியிருந்தான்.”