மந்திரிமார் பேசிக்கொண்டிருந்த மூன்று நாட்கள்

அணுகுண்டைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படத்தில் கடைசி அரை மணி நேரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் மாட்டேன். படம் மோசமில்லை. நல்ல படம் என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதை நான் அப்பாவோடு சேர்ந்து, மாத்தளையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, மூன்று நாட்களாகத் துண்டு துண்டாகப் பார்த்தேன். பெயரைக் கேட்டாலே இப்போது எழுந்து போய்விடுகிறேன்.

அப்பா இரத்தோட்டைப் பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்று என்னோடு டவுனில் இருந்தார். பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மருந்தையும் ஒழுங்காகப் போடுவார், இனிப்பையும் ஒழுங்காகத் தின்பார். புதுச் செருப்பின் வார் உரசி இடது காலின் சுண்டுவிரலில் ஒரு புண் வந்ததை அவர் எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் விரும்பித் தின்னும் தொதல் இனிப்பு நின்றுவிடும் என்ற பயம். நாங்கள் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. வார்டில் படுக்க வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, இளம் டொக்டர் ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று தாதியிடம் சிங்களத்தில் ஏதோ விளக்கிவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். இன்றைக்கென்றால் இன்றைக்கு. தள்ளிப் போட்டால் விஷம் மேலே ஏறும், பிறகு காலைப் பற்றி அல்ல, ஆளைப் பற்றித்தான் பேச வேண்டி வரும். அப்பாவிடம் தானே சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றேன். மனிதர் உடைந்துபோவார், வீட்டில் எல்லோரோடும் ஒரு வார்த்தை பேசிவிட்டு நாங்களே பக்குவமாகச் சொல்கிறோம் என்றேன். அவர் தயங்கித் தலையாட்டினார். அப்பாவின் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று அந்த நேரம் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. மடையன்.

கட்டிலுக்குத் திரும்பி வந்தேன்.

“என்னாவாம்?” என்றார் அப்பா.

“புண்ணக் கழுவி மருந்து கட்டப் போறாங்களாம்பா.”

“அப்பிடியா,” என்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்தப் பார்வையிலிருந்து தப்புவதற்காகத்தான் போனை எடுத்தேன். விடுமுறையில் பார்க்கலாம் என்று போன் கடையில் ஏற்றி வைத்திருந்த படம் அதில் இருந்தது. மந்திரிமார் மாட்டிக்கொண்டு முழிக்கிற கதை என்றால் அப்பாவுக்கு உயிர். இயர்போனில் ஒன்றை அவருக்கு மாட்டினேன், மற்றது எனக்கு. ஆங்கிலத்தை நான் மெல்லிய குரலில் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு போனேன்.

கதை இதுதான். எங்கோ ஒரு நாட்டில் கிறுக்குப் பிடித்த தளபதி ஒருவன் அணு ஏவுகணை வைத்திருக்கிற தளத்தைப் பிடித்துக்கொள்கிறான். மறுநாள் காலைக்குள் அவன் அதை ஏவிவிடக்கூடும். பெரிய நாடு ஒன்றின் ஜனாதிபதியும் மந்திரிமாரும் நிலத்துக்கடியில் ஓர் அறையில் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தாங்களே முந்திக்கொண்டு அந்தத் தளத்தின் மேல் குண்டு போடலாம். போட்டால் பக்கத்தில் இருக்கிற ஒரு மீன்பிடி ஊரும் சேர்ந்து போய்விடும். போடுவதா, பொறுப்பதா? ஜனாதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பாதுகாப்பு மந்திரி, ‘முடிவு உங்களுடையது’ என்கிறார். வெளிநாட்டு மந்திரி, ‘நட்பு நாட்டுத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தால் மனஸ்தாபம் வரும்’ என்கிறார். அந்தத் தலைவர் தூங்குகிறார். எழுப்ப முடியாது என்கிறார் அவருடைய செயலாளர்.

“இவனுகளுக்கெல்லாம் யாருப்பா பதவி குடுத்தது?” என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரித்தார். காய்ச்சல் இருந்தாலும் அன்றைக்கு நன்றாகவே சிரித்தார்.

இடைவேளை விட்டு வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டேன். அண்ணன் கொழும்பில் இருக்கிறார், மூத்த மகன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நீதானே பக்கத்துல இருக்க. நீ என்னா சொல்றியோ அதான்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எதுக்கும் அத்தான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுரு. பொறகு வம்பு வேணாம்.”

அத்தான் எங்கள் அக்காவின் புருஷன். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம். நல்ல மனிதர், கையைத் தாராளமாக நீட்டுவார், ஆனால் அவரைக் கேட்காமல் இந்தக் குடும்பத்தில் ஒன்றும் நடக்கக் கூடாது. என் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியபோது அவரைக் கேட்கவில்லை. அதற்காக இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. தீபாவளிக்கு அக்கா கண் சிவந்து தனியாக வந்து போவாள். அந்த இரண்டு வருடத்துக்குள் அம்மா செத்துப்போனாள். அத்தான் வந்தார், வாசலோடு நின்றார், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிட்டார். அதைப் பார்த்து அப்பா அன்றைக்கு அழுத அழுகையை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆகவே, அவரைக் கேட்பது என்று முடிவாயிற்று.

அத்தான் வெங்காயம் எடுக்க வடக்கே லொறியில் போயிருந்தார். அவருடைய போன் கிடைக்கவில்லை. வீட்டு போனை அக்காதான் எடுத்தாள்.

“செவ்வாக்கெழமையும் அதுவுமா கத்தி வைக்கிறதா? என்னா பேச்சு பேசுற நீ!” என்று அழுதாள். “அவரு வரட்டும்.”

பின்னேரம் அத்தான் கிடைத்தார். என்ன சொன்னார் தெரியுமா? “நான் வெளி ஆளு மாப்புள. மூத்த மகன் இருக்காரு. அவரு வாய்ல இருந்து வரணும்.” அண்ணனுக்குப் போட்டேன். “அவரு அப்பிடிச் சொல்றாரா? அப்ப ஏதோ மனசுல வச்சிக்கிட்டுப் பேசுறாரு. அவரே சொல்லட்டும்,” என்றார். திரும்பவும் அத்தான். திரும்பவும் அண்ணன். ஒருவர் பேச்சிலும் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அவ்வளவு மரியாதை. மரியாதையாலேயே ஒரு மனிதனைக் கொல்லலாம் என்று எனக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை டொக்டர் வந்தார். தீர்மானித்தாயிற்றா என்றார். அத்தான் வந்துகொண்டிருக்கிறார் என்றேன்.

“கால் உங்கள் அத்தானுடையதா?” என்று கேட்டார் சிங்களத்தில். பக்கத்தில் நின்ற தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு முகம் எரிந்தது. தானே அப்பாவிடம் பேசப்போவதாக அவர் கட்டிலை நோக்கித் திரும்பியபோது, குறுக்கே நின்று, இன்னும் ஒரு பொழுது மட்டும் என்று கெஞ்சினேன். கெஞ்சி வாங்கினேன் அந்தப் பொழுதை. யாரும் எனக்குத் தரவில்லை, நானாக வாங்கினேன்.

பகல் பார்வையாளர் நேரத்தில் என் மனைவி சோறு கொண்டுவந்தாள். அப்பா இரண்டு வாய் வைத்துவிட்டு வேண்டாமென்றார். போனில் ஓடிக்கொண்டிருந்த படத்தை அவளும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாள். மேசையைச் சுற்றி இன்னும் அதே ஆட்கள், அதே பேச்சு.

“இவங்க என்னா ஒங்க வீட்டு ஆளுங்களா?” என்றாள். நான் முறைத்தேன். வெளியே வந்தபோது, “மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்களேன்,” என்றாள். “சொல்லுவோம், எல்லாரும் வரட்டும்,” என்றேன். அதற்குமேல் வற்புறுத்தாமல் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் வீட்டில் அவளும் வெளியிலிருந்து வந்த ஆள்தானே.

அன்று பின்னேரம் அத்தான் தீர்ப்பு அனுப்பினார். தாமே நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். கண்டியில் தெரிந்த டொக்டர் ஒருவரையும் விசாரித்துக்கொண்டு வியாழக்கிழமை வருகிறாராம். அண்ணனுக்கு அதைக் கேட்டு மிகுந்த நிம்மதி. எனக்கும் நிம்மதிதான். பொய் சொல்வானேன்?

வியாழக்கிழமை அப்பாவின் காய்ச்சல் கூடியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கட்டை மீறி ஒரு வாடை. கண் மட்டும் தெளிவாக இருந்தது. “படத்தப் போடு,” என்றார்.

அன்றுதான் அந்த மீன்பிடி ஊரை முதல் தடவையாகக் காட்டினார்கள். ஒரு பெண் கருவாடு காயப் போடுகிறாள். ஒருவன் வலையைப் பிரிக்கிறான். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். அரை நிமிடம்கூட இல்லை. மறுபடியும் மேசை, மறுபடியும் மந்திரிமார்.

“அந்த ஊராளுங்களுக்கு விசயம் தெரியுமா?” என்றார் அப்பா.

“தெரியாதுப்பா. சொன்னா பயந்து கலவரமாயிருமாம்.”

“தெரியாதுன்னு இவனுக நெனச்சிக்கிட்டு இருக்கானுக,” என்றார். காதிலிருந்ததைக் கழற்றி என் மடியில் வைத்தார். “சரி. என் காலப் பத்தி என்னா முடிவு எடுத்தீங்க?”

போனில் படம் தன்பாட்டுக்கு ஓடியது.

“யாருப்பா சொன்னது?”

“யாரு சொல்லணும்? நாப்பது வருசம் சிங்கள ஆளுங்கள ஏத்தி எறக்குனவன்டா நானு. டொக்டரு என் கால்மாட்டுல நின்னுக்கிட்டுத்தானே நர்ஸ் மிஸ்கிட்ட சொன்னாரு.”

“மொத நாளேயா?”

“மொத நாளே.”

“அப்ப ஏம்பா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல?”

அப்பா கூரையைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இவ்வளவு காலம் இதைச் சுமக்க மாட்டேன்.

“நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். நீ போன எடுத்துக்கிட்டு வெளிய போற, வார, போற, வார. வெளங்கிச்சி. ஒத்தக் கால் கெழவன எந்த வீட்டுல வச்சிப் பாக்குறதுன்னு பேசிக்கிறீங்க. தப்பில்ல. எல்லாருக்கும் வீடு வாசலு, புள்ளகுட்டி இருக்கு. ஆனா மூணு நாளாச்சி, ஒருத்தர் வாயில இருந்தும் ‘வெட்டுங்க, மனுசன் இருந்தா போதும்’னு வரலியே. அதான், வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”

“ஐயோ அப்பா! அப்பிடி இல்லப்பா!” வார்டே திரும்பிப் பார்த்தது. “அப்பிடி இல்லவே இல்ல. அத்தான்கிட்ட கேக்காம செஞ்சா கோவிச்சிக்குவாருன்னு... அதான்பா. அது மட்டுந்தான்.”

நான் சொன்னது சத்தியம். ஆனால் சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அவசரத்தில் வாய்க்கு வந்த, சின்னப் பிள்ளைகூட நம்பாத பொய். பெற்ற தகப்பனின் உயிரை, மருமகன் கோபித்துக்கொள்வார் என்று யாராவது மூன்று நாள் காக்க வைப்பார்களா? நாங்கள் வைத்தோம்.

அப்பா என் கையைத் தட்டிக்கொடுத்தார். கை அடுப்பில் வைத்த சட்டிபோல் சுட்டது.

“சரி, சரி. அழுவாத. ஆளுங்க பாக்குறாங்க,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆசதான்டா. வெட்டச் சொல்லு,” என்றார்.

ஓடினேன். டொக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராத குறை. அவர் வந்தவுடன் காலைப் பார்க்கவில்லை. கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார், தாதியிடம் ஏதோ அவசரமாகச் சொன்னார், மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரையும் கூப்பிட்டார். இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு என்னிடம் வந்தார். விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது, இந்த நிலையில் சத்திரசிகிச்சை மேசையில் ஏற்றினால் அங்கேயே போய்விடுவார், மருந்தால் பிரஷரைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்போம் என்றார். என்னை ஏசவில்லை. ஏசுவதற்குத் தகுதியான ஆளாகவும் அவர் என்னை மதிக்கவில்லை என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு கையிலும் அப்பிள் பை. பின்னால் அக்கா. கட்டிலருகே வந்து, மாமனாரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. எடுத்துறச் சொல்லுங்க.”

அக்கா என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு வாயைப் பொத்தினாள். அண்ணனிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். அத்தானை அடையாளம் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

“மாப்பிள்ளைக்கு ஸ்டூல எடுத்துப் போடு.”

போட்டேன். அத்தான் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் போய்விட்டார். அத்தானுக்காகத்தான் காத்திருந்தோம் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.