பேனரின் இடது மூலை

போன சனிக்கிழமை சுங்கை பட்டாணியில் ஒரு தலைமைத்துவப் பயிற்சி. கெடா மாநிலத்தில் எங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. துணி துவைக்க வேண்டிய நாளில், ஏர்கோன் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'உங்கள் தலைவர் எந்த வகை?' கீழே கட்டங்கள். அதட்டுபவர், கலந்து பேசுபவர், ஆவணப்படுத்துபவர்... ஒன்றில் டிக் போட வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எந்தத் தலைவரைச் சொல்வது?

பீடோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குப்பை கொட்டுகிறேன். மூன்று தலைமையாசிரியர்களைப் பார்த்தாயிற்று.

முதலாமவர் கத்துவார். பிள்ளைகள் முன்னாலேயே எங்களைப் பார்த்துக் கத்துவார். ஒருமுறை கழிவறையில் போய் அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால், மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளை இருக்கும் தோட்டக் குடியிருப்புக்கே போய்விடுவார். திரும்பும்போது பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

இரண்டாமவர் தங்கமான மனிதர். எல்லாரையும் கலந்து பேசுவார். பேசினோம், பேசினோம்... தட்டில் இருந்த மீ கோரெங் தீரும்வரை பேசினோம். பள்ளிக்கு வராத ஒரு பிள்ளையைப் பற்றி மூன்று கூட்டம் போட்டோம். மூன்றாவது கூட்டம் முடிவதற்குள் அந்தக் குடும்பமே பட்டவொர்த்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இப்போது இருப்பவர் மூன்றாமவர். இளைஞர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எதற்கும் ஒரே கேள்விதான். "ஆதாரம் இருக்கா டீச்சர்?" ஆதாரம் என்றால் ஒரு பக்க அறிக்கை, நான்கு படம். குறை சொல்லவும் முடியவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த கூரை இவர் வந்த பிறகுதான் சரியானது. அதற்கும் படம் காட்டித்தான் வாங்கினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன் – பிரச்சினையே அந்தப் பெயரால் வந்ததுதான்.

பிள்ளை வராவிட்டால் இப்போதெல்லாம் என்ன செய்கிறோம் தெரியுமா? பேனர் அடிக்கிறோம்!

'வருகை குறைந்த மாணவர் இல்லச் சந்திப்பு'. கீழே அவள் முழுப்பெயர், அப்பா பெயர், வகுப்பு. ஓரத்தில் பள்ளிப் பதிவேட்டில் இருந்து எடுத்த அவள் சிரித்த முகம். ஐந்து ஆசிரியர்கள் போனோம். தோட்டத்து லயத்தில் அவள் வீட்டு வேலிக்கு முன்னால் பேனரை விரித்துப் படம் எடுத்தோம். மாணவர் நலப் பொறுப்பு என்னுடையது. அதனால் இடது மூலையை நான்தான் பிடித்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து கேட்டார், "என்னா டீச்சர், பிள்ளைக்குப் பரிசு கெடைச்சிருச்சா?"

பேனரைச் சுருட்டினோம். பிள்ளை வெளியே வரவேயில்லை. படம் மட்டும் நன்றாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். அவள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், காலை ஷிப்ட் பார்ப்பவர். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"வீட்டுக்கு வந்தீங்க, சந்தோசம். அதுக்கு எம்புள்ள மூஞ்சியப் போட்டு ஊருக்கே காட்டணுமா டீச்சர்? லயத்துல எல்லாரும் கேக்குறாங்க லா. அவ இப்ப கடைக்குக்கூட போமாட்றா."

மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது, உண்மையிலேயே. பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். ஏன் வரவில்லை? கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் அக்கா வேலைக்குப் போய்விட்டாராம். தம்பிப் பாப்பாவை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் கேன்டீன் அக்காவின் தங்கை அடுத்த லயத்தில்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். போன் போட்டேன். பாப்பாவை அங்கே விடுவதென்று பத்து நிமிடத்தில் முடிந்தது.

கிளம்பும்போது கதவிடுக்கில் இருந்து ஒரு குரல்.

"டீச்சர், அந்த பேனர ஸ்கூல்லயும் மாட்டுவீங்களா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. பேனர் சாமான் அறையில் இருந்தது. சாவி அலுவலகத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். தலையைக் குனிந்துகொண்டுதான், ஆனாலும் வந்தாள்.

தலைமையாசிரியருக்கு ரொம்ப மகிழ்ச்சி. இல்லச் சந்திப்பு வெற்றி என்று அறிக்கை தயாரானது. என் வெள்ளிக்கிழமைப் பயணம் அதில் இல்லை. படம் எடுக்கவில்லையே! அடுத்த வாரம் கல்வி அலுவலகத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், பேனரை மண்டபத்தில் மாட்டுங்கள் என்றார்.

"சார், அந்தப் பிள்ளை சங்கடப்படும். மறுபடியும் வராம போயிடும்."

"நல்ல விசயந்தானே டீச்சர்? திரும்பி வந்துட்டா இல்ல? ஆதாரம் வேணும் லா."

சிரித்த முகத்தோடு, மரியாதையாகச் சொன்னார். முதலாமவராக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இரண்டாமவராக இருந்தால் ஒரு கூட்டம் போட்டு இழுத்தடித்திருக்கலாம். இவரிடம் எதைச் சொல்வது? இந்த வயதில் வாதாடத் தெம்பும் இல்லை. "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

மண்டபத்தில் மாட்டப் போனபோது பேனரைக் காணவில்லை. தோட்டக்காரரைக் கேட்டார்கள், கேன்டீனில் தேடினார்கள், அலமாரிகளுக்குப் பின்னால் பார்த்தார்கள். என் காரின் பின்பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. அங்கே அது இன்னும் சுருண்டு கிடக்கிறது.

பயிற்சித் தாளின் கடைசிக் கேள்வி, 'உங்களுடைய தலைமைத்துவப் பாணி என்ன?' அதற்குக் கட்டமே இல்லை, கோடுதான். வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து பேரில் ஒருவராவது அன்றைக்கு அந்தப் பேனரை விரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது நான்தான். கையில் மூலை இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அவள் இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு வந்தாள். நேற்று மண்டபத்துக்குள் நுழையும்போது நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

காணாமல் போன பேனரைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். எழுதிவிடலாம்... அதற்கும் நான்கு படம் வேண்டுமாம்!