நாறுவதற்கு ஒரு ஜெர்மன் சொல்

நான் ஒரு மொழியைப் படிக்க ஆரம்பித்தால் வீடு தாங்காது. நாற்பத்தோரு வயதில், ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போவது என்று முடிவெடுத்து அம்பத்தூரில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வினைச்சொல் கொடுத்தால், அன்றைக்குக் கண்ணில் படுவதை வைத்தே அதில் பத்து வாக்கியம் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு மழை வாரத்தில் எனக்குக் கிடைத்த சொல் ‘ஷ்டிங்கன்’. அதாவது, நாறுவது.

அடேயப்பா, நாங்கள் குடியிருக்கும் மேனாம்பேட்டில் அதற்கா பஞ்சம்! தெருவில் சாக்கடைத் தண்ணீர் ஏறி நின்றது. சாக்கடை ஷ்டிங்ட். மீன் கூடை ஷ்டிங்ட். வாசலில் ஊறிக் கிடந்த கால்மிதி ஷ்டிங்ட். ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ஈர சாக்ஸோடு வந்த கணவரைப் பார்த்து, “டூ ஷ்டிங்ஸ்ட்!” என்றேன். நீ நாறுகிறாய் என்று அர்த்தம்.

“இன்னா, திட்றியா?”

“திட்டல, பாடம் படிக்கிறேன்.”

மறுநாள் என் கருவாட்டுக் குழம்புக்கு அவரே அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டார். பத்து என்ன, நாற்பது வாக்கியம் சொன்னேன். வகுப்பில் நான்தான் முதல்.

வாய் பழகிவிட்டால் இடம் பார்க்குமா? நான் வேலை பார்க்கும் சின்ன மருத்துவமனையில் கூட இருக்கும் நர்ஸும் அதே வகுப்பு. நோயாளி முன்னால் நாற்றம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத விதி. ஜெர்மனில் சொன்னால் யாருக்குப் புரியும் என்று எங்களுக்குத் தைரியம். பூந்தமல்லியிலிருந்து ஒரு தையல்கார பாய், ஐம்பது வயதிருக்கும், காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வருவார். ஒருநாள் கட்டைப் பிரித்ததும், “டெர் ஃபூஸ் ஷ்டிங்ட்” என்றேன். கால் நாறுகிறதாம். அவள் சிரித்துவிட்டாள். நானும்தான்.

அவர் எங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். சீ, இதுவும் ஒரு படிப்பா என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்தும் பஞ்சும் எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தனியாகப் படுத்திருந்தார். அவர் மனைவி கதவோரமே நின்றுகொண்டார்.

“நான் சிரிச்சது தப்பு பாய்” என்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“சிரிச்சா சிரிச்சிக்கினு போ சிஸ்டர். ஊட்ல ஊதுவத்தி கொளுத்துறாங்க, எட்டி நின்னு சோறு வெக்கிறாங்க, ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்றாங்க. எனக்கு மூக்கு பழகிப்போச்சு. கால் அழுவிக்கினு கீதா, ஆறிக்கினு கீதா, இன்னான்னே தெரியல. நீயும் புரியாத பாஷையில சொல்லிட்டே.”

கட்டைப் பிரித்து, அவர் பார்க்கவே குனிந்து மோந்தேன்.

“நாறுது பாய். அன்னைக்கு இருந்ததைவிட ஜாஸ்தி நாறுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.”

“இத சொல்லத்தான் ஒரு ஆளு வேணும்” என்று சட்டையை எடுத்தார்.

இரண்டு விரல் போயிற்று. கால் தப்பியது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும், “இன்னா சிஸ்டர், நாறுதா?” என்பார். உள்ளதை உள்ளபடி சொல்வேன். ஒருநாள், “இல்ல பாய்” என்றேன்.

அவர் கதவோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியா? வா, பக்கத்துல வந்து குந்து” என்றார்.